அடிக்கணக்கில் பேசியவர்: கிரஹாம் மெக்னமீ போன வழியில் ஆறு நாள்

கிரஹாம் மெக்னமீ அமெரிக்க ரேடியோவின் ஆரம்பகால வர்ணனையாளர்; பின்னால் சினிமாக் கொட்டகையில் காட்டும் செய்திப்படமான நியூஸ் ரீலுக்கும் குரல் கொடுத்தவர். அவர் வேலை செய்த இடங்களையும் அவர் குரலின் மிச்சம் இருக்கும் இடங்களையும் தேடிப் போகும் பயணம் இது.

நாள் 1: நியூயார்க், பிராட்வே 195

ஃபுல்டன் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், ஃபுல்டன் தெருவுக்கு அந்தப் பக்கம் செயின்ட் பால்ஸ் சேப்பல், இந்தப் பக்கம் தூண் மேல் தூணாக அடுக்கிய பிராட்வே 195. ஏ.டி. அண்டு டி. தொலைபேசிக் கம்பெனியின் பழைய தலைமையகம் இதுதான். கீழ்த்தளக் கூடத்தில் வரிசை வரிசையாகப் பளிங்குத் தூண்கள். இப்போது கடைகளும் உணவகமும் வந்துவிட்டன. கடைக்குள் போகிற சாக்கில் தூண்களைப் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனியின் ரேடியோ ஸ்டுடியோ இருந்த மாடிக்குப் போக வழியில்லை.

தொலைபேசிக் கம்பெனி ஏன் ரேடியோ நடத்தியது? அவர்கள் கண்ணுக்கு ரேடியோ ஒரு பொதுத் தொலைபேசிதான். காசு கட்டுகிறவர் யாராக இருந்தாலும் வந்து ஊருக்கே பேசிவிட்டுப் போகலாம். 1922 ஆகஸ்டில் இவர்களுடைய டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையம் அப்படித்தான் 50 டாலர் வாங்கிக்கொண்டு, ஜாக்சன் ஹைட்ஸ் அடுக்குமாடி வீடுகளைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் கொடுத்தது. ரேடியோ விளம்பரத்தின் பிள்ளையார் சுழி என்று அதைத்தான் சொல்வார்கள். மறு ஆண்டு ஸ்டுடியோ இந்தக் கட்டடத்துக்கு மாறியது. அந்த 1923 மே மாதத்தில்தான் கிரஹாம் மெக்னமீ இங்கே படியேறினார்.

1888இல் வாஷிங்டனில் பிறந்து மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் வளர்ந்தவர். பாரிடோன் எனும் நடுத்தர ஆண் குரல், பாட்டுக் கச்சேரிதான் தொழில். ஆனால் பாட்டில் வருமானம் போதவில்லை. கோர்ட்டில் ஜூரியாக உட்கார்ந்தால் நாளுக்கு 3 டாலர் தந்தார்கள், உட்கார்ந்தார். மதிய இடைவேளையில் பக்கத்தில் இருந்த ரேடியோ நிலையத்தை எட்டிப்பார்க்க வந்தவரைக் குரல் சோதனை செய்து, வேலைக்கே வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு 'அறிவிப்பாளர்' என்று ஒரு தொழிலே உருவாகியிருக்கவில்லை. பாடகர் வராவிட்டால் பாட வேண்டும், பியானோவை நகர்த்த வேண்டும், வந்த பிரமுகர் நடுங்கினால் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

பாடகரை ஏன் தேடினார்கள் என்பதற்கு அன்றைய மைக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும். இரட்டைப் பொத்தான் கார்பன் மைக். வட்ட வளையத்துக்குள் நாலு ஸ்பிரிங்கில் தொங்கும். நடுவில் இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகத் தகடு. தகட்டுக்கு முன்னும் பின்னும் கார்பன் பொடி நிரப்பிய சின்னக் கிண்ணம் ஒவ்வொன்று; அதுதான் பொத்தான். பேட்டரி மின்சாரம் பொடி வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். தகடு அதிரும்போது ஒரு பக்கப் பொடி இறுகும், மறுபக்கம் தளரும். இறுகினால் மின்தடை குறையும், தளர்ந்தால் கூடும். ஒரே பொத்தான் என்றால் குரல் கரகரத்து உருமாறும். இரண்டு பொத்தானும் எதிரெதிராக வேலை செய்வதால் அந்தக் கோளாறில் பெரும் பங்கு ஒன்றுக்கொன்று கழிந்துவிடும்.

கெட்டுப்போக வழிகளும் உண்டு. பொடி வழியே மின்சாரம் ஓடுவதால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஓயாது. மெல்லப் பேசினால் குரலை அந்த இரைச்சல் விழுங்கிவிடும், கத்தினால் தகடு அடித்துக்கொள்ளும். மின்சாரம் ஓடும்போதே மைக்கை நகர்த்தினால் பொடி கட்டி தட்டும், சத்தம் பாதியாகிவிடும். கட்டி தட்டினால் செய்ய வேண்டியது: முதலில் மின்சாரத்தை நிறுத்து, பிறகு மைக்கைச் சற்றே திருப்பி விரலால் லேசாகத் தட்டு, மறுபடி இணைப்பைக் கொடு. இணைப்பை எடுக்காமல் தட்டினால் பொடிக்குள் பொறி பறந்து துகள்கள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பொத்தானையே மாற்ற வேண்டியதுதான். ஆக, ஒரே தூரத்தில் நின்று, ஒரே சீராக மூச்சை விட்டு, சத்தத்தை ஏற்ற வேண்டிய இடத்தில் தலையைப் பின்வாங்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. மேடைக் கச்சேரிக்காரருக்கு அதில் பாதி ஏற்கெனவே கைவந்த வித்தை.

தங்குமிடத்தில் ரேடியோ இருந்தால் மீடியம் வேவில் 660க்குத் திருப்புங்கள். டபிள்யூ.இ.ஏ.எஃப். 1928இல் குடியேறிய அலைவரிசை அது. பெயரும் உரிமையாளரும் பல முறை மாறி, 1988 முதல் அங்கே நாள் முழுக்க விளையாட்டுப் பேச்சு.

நாள் 2: போலோ கிரவுண்ட்ஸ், 155ஆம் தெரு

பி அல்லது டி ரயில், 155ஆம் தெரு நிறுத்தம். மைதானத்தை 1964இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் முப்பது மாடி வைத்த நாலு குடியிருப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. மக்கள் குடியிருக்கும் இடம், வேடிக்கை பார்க்க உள்ளே சுற்ற வேண்டாம். பழைய மைதானத்தில் மிஞ்சியது ஒரே ஒரு படிக்கட்டு: குன்றின் மேலே எட்ஜ்கோம்ப் அவென்யூவிலிருந்து கீழே இறங்கும் ஜான் டி. பிரஷ் படிக்கட்டு, 1913இல் கட்டியது. நடுப்படியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி கொடுத்தது என்று இரும்பில் வார்த்த எழுத்து இருக்கிறது. மேலிருந்து இறங்குங்கள், கீழிருந்து ஏறினால் மூச்சு வாங்கும்.

1923 ஆகஸ்ட் 31, ஹாரி கிரெப் – ஜானி வில்சன் மிடில்வெயிட் குத்துச்சண்டை இங்கே நடந்தது. மெக்னமீயின் முதல் விளையாட்டு வர்ணனை அதுதான். அக்டோபரில் பேஸ்பால் உலகத் தொடர்: யாங்கீஸ், ஜயன்ட்ஸ் இரண்டும் நியூயார்க் அணிகள். ஒரு நாள் இந்த மைதானம், மறு நாள் ஹார்லெம் ஆற்றுக்கு அக்கரையில் அந்த வருடம்தான் திறந்த யாங்கீ ஸ்டேடியம். மேகோம்ப்ஸ் அணைப் பாலம் வழியாக நடந்தால் இருபது நிமிடத்தில் அக்கரை. பழைய ஸ்டேடியம் இருந்த இடத்தில் இப்போது பொது விளையாட்டுத் திடல்.

தொடர் தொடங்கும்போது முதன்மை வர்ணனையாளர் ஒரு பத்திரிகை விளையாட்டு எழுத்தாளர், மெக்னமீ துணை. எழுத்தாளர்களுக்கு ஆட்டம் தெரியும், ஆனால் மைக் முன்னால் மௌனம் வந்துவிடும். ஓர் ஆட்டக்காரர் பந்தை அடித்தார் என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்து வரும்வரை சும்மா இருப்பார்கள். வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு அந்த இடைவெளியில் கார்பன் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். நிலையம் போய்விட்டதோ என்று ஊசியைத் திருக ஆரம்பிப்பார். தொடரின் நடுவிலேயே அந்த எழுத்தாளர் விலகிக்கொள்ள, மைக் மெக்னமீ கைக்கு வந்தது. இவருக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இடைவெளியை நிரப்பத் தெரியும். வானம் எப்படி இருக்கிறது, எந்தக் கவர்னர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பந்து வீசுகிறவர் தொப்பியை எத்தனை தடவை சரிசெய்கிறார் என்று கண்ணில் பட்டதை எல்லாம் சொன்னார்.

அதனால் தப்பும் நிறையச் சொன்னார். அடித்தவர் பெயர் மாறும், ரன்னர் எந்தத் தளத்தில் நிற்கிறார் என்பது குழம்பும். அன்றைக்கு இரண்டு ஆட்டம் நடந்தது, மைதானத்தில் ஒன்று, மெக்னமீ சொன்னது இன்னொன்று என்று நகைச்சுவை எழுத்தாளர் ரிங் லார்ட்னர் கேலி செய்ததாகச் சொல்வார்கள். கேலி நியாயம்தான். ஆனாலும் 1925 உலகத் தொடர் முடிந்ததும் அவருக்கு வந்து குவிந்த கடிதங்கள் 50,000. நம் கணிப்பில், கேட்டவர்களுக்கு ஸ்கோர் வேண்டியிருக்கவில்லை, ஸ்கோர் மறு நாள் பேப்பரில் வரும். மைதானத்தில் உட்கார இடம் வேண்டியிருந்தது, அதை அவர் கொடுத்தார்.

வெளி ஒலிபரப்புக்கு என்னென்ன தூக்கி வந்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தனி அறை கிடையாது. மைதான ஓரத்து பாக்ஸ் இருக்கையில், கூட்டத்துக்கு நடுவில் மைக். காலடியில் வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டி. வால்வு இழை சூடாக ஒரு பேட்டரி, வால்வுக்குள் இருக்கும் தகட்டின் மின்னழுத்தத்துக்கு இன்னொரு பேட்டரி, மைக்குக்குத் தனியாக மூன்றாவது. அங்கிருந்து இரண்டு ஜோடி தொலைபேசிக் கம்பி: ஒன்றில் நிகழ்ச்சி போகும், மற்றதில் எஞ்சினியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். இரண்டாவது கம்பி இல்லாமல் தொடங்கவே மாட்டார்கள். முதல் கம்பி அறுந்தால் அறுந்தது என்று சொல்லவாவது வழி வேண்டுமே.

தொலைபேசிக் கம்பி நீளமாக ஆக, உச்சத் தொனிகள் அதிகம் தேயும். அடித்தொனி மட்டும் தாராளமாகப் போய்ச் சேரும். அப்படியே விட்டால் பேச்சு கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துப் பேசுவது போல இருக்கும். அதற்காகக் கம்பியின் முடிவில் ஈக்வலைசர் வைத்து, தேயாத அடித்தொனியை வேண்டுமென்றே தேய்த்து உச்சத்துக்குச் சமமாக்கி, பிறகு மொத்தத்தையும் பெருக்குவார்கள். அடுத்த தொல்லை கூட்டத்தின் கூச்சல். வர்ணனை மைக்கையே கூட்டத்துக்கும் நம்பினால், ஆரவாரம் எழும்போது குரல் மூழ்கிவிடும். கூட்டத்துக்குத் தனி மைக்கைத் தள்ளி வைத்து, எஞ்சினியர் கைக் குமிழால் அளவாகக் கலப்பதுதான் தீர்வு. இன்று டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கும்போது நாம் கேட்பதும் அதே கலவைதான்.

நாள் 3: மாடிசன் சதுக்கம், 42ஆம் தெரு, ராக்ஃபெல்லர் சென்டர்

ஒரே நாளில் நடந்தே முடித்துவிடலாம், தெற்கிலிருந்து வடக்காகப் போங்கள்.

மாடிசன் அவென்யூ, 26ஆம் தெரு. இன்று தங்கக் கூம்புக் கூரையோடு நியூயார்க் லைஃப் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் பழைய மாடிசன் ஸ்கொயர் கார்டன் இருந்தது. 1924 ஜூன் 24 முதல் ஜூலை 9 வரை ஜனநாயகக் கட்சி மாநாடு. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 சுற்று வாக்கெடுப்பு! அகர வரிசையில் முதல் மாநிலம் அலபாமா. ஒவ்வொரு சுற்றிலும் அதன் கவர்னர் எழுந்து, அலபாமாவின் 24 வாக்கும் தங்கள் மாநிலத்து ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கே என்று ராகம் போட்டு முழங்குவார். ரேடியோ கேட்ட ஊரெல்லாம் அந்த வரியைக் கூடவே சொல்ல ஆரம்பித்தது. 16 நாளும் மெக்னமீ மைக்கில் இருந்தார். முடிவு தெரியாத நிகழ்ச்சியை மணிக்கணக்கில் நிரப்புவதில் அதைவிடக் கடினமான பயிற்சி இருந்திருக்காது. கடைசியில் ஜெயித்த ஜான் டேவிஸ் தேர்தலில் தோற்றது தனிக் கதை.

42ஆம் தெருவில், பிரயன்ட் பூங்காவுக்கு எதிரே, ஏயோலியன் ஹால். 1920இல் மெக்னமீ பாட்டுக் கச்சேரி செய்த அரங்கம். இப்போது கண் மருத்துவக் கல்லூரி. வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

ஐந்தாம் அவென்யூ 711, என்.பி.சி. 1927இல் குடிவந்த கட்டடம். டபிள்யூ.இ.ஏ.எஃப்.ஐத் தொலைபேசிக் கம்பெனியிடமிருந்து ஆர்.சி.ஏ. என்ற ரேடியோக் கம்பெனி 10 லட்சம் டாலருக்கு வாங்கி, 1926 நவம்பரில் தொடங்கிய ரேடியோ வலையமைப்புதான் என்.பி.சி. 1927 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் என்ற கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை இந்தக் கரை வரை கொண்டுவந்து சேர்த்த வர்ணனையும் மெக்னமீயுடையது. அதே ஆண்டு செப்டம்பர் 22, சிகாகோவில் டெம்ப்சி – டனி குத்துச்சண்டை. ஏழாவது சுற்றில் டனி விழுந்தார். டெம்ப்சி இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போகாமல் நின்றதால் நடுவர் எண்ணத் தாமதித்தார். அதற்குள் டனி எழுந்துவிட்டார். அந்தச் சுற்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் இறந்தவர்கள் உண்டு என்று பத்திரிகைகள் எழுதின.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. குத்துச்சண்டைப் படச்சுருளை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதை 1912இல் ஒரு மத்திய சட்டம் தடைசெய்தது. 1940 வரை அது நீடித்தது. சினிமாவுக்குப் பூட்டு, ரேடியோவுக்குப் பூட்டு இல்லை. சண்டையைப் படத்தில் பார்க்க வழியில்லாத ஊரில் மெக்னமீயின் குரல்தான் சண்டை.

30 ராக்ஃபெல்லர் பிளாசாவுக்கு என்.பி.சி. 1933இல் மாறியது. ஸ்டுடியோச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், நேரில் போய் நின்றால் அந்த நாளுக்கு டிக்கெட் கிடைக்காமல் போகலாம். ஸ்டுடியோவைக் கட்டடத்தோடு ஒட்டாமல் பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டியிருப்பதை வழிகாட்டியிடம் கேளுங்கள். கட்டடத்தின் அதிர்வு மைக்குக்கு ஏறக் கூடாது என்பதற்காகச் செய்தது. மெக்னமீ இந்தக் காலத்தில் எட் வின் என்ற நகைச்சுவை நடிகருக்கு எதிர்ப்பாட்டுக்காரர்: அவர் ஜோக் சொல்ல, இவர் பெட்ரோல் விளம்பரம் படிக்க, நடுவில் இவர் சிரிப்பே பாதி நிகழ்ச்சி.

டைம்ஸ் சதுக்கத்தில், பிராட்வே 1560, எம்பசி தியேட்டர். 1929 நவம்பரில் நியூஸ் ரீல் மட்டுமே காட்டும் கொட்டகையாக மாறியது. அதே ஆண்டு யுனிவர்சல் தன் நியூஸ் ரீலைத் தொடங்கியிருந்தது. போட்டிக் கம்பெனிகள் ஒலிப்பதிவுக் கேமரா வண்டிகளை ஊர் ஊராக அனுப்ப, யுனிவர்சல் சிக்கனமான வழியைப் பிடித்தது. ஊமையாக எடுத்த படம், அதன் மேல் நாடறிந்த குரல். தலைப்பு அட்டையிலேயே மெக்னமீயைப் 'பேசும் நிருபர்' என்று போட்டார்கள்.

நாள் 4: கூப்பர்ஸ்டவுன்

ரயில் கிடையாது. நியூயார்க்கிலிருந்து பஸ், ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, சேவையும் குறைவு. கார் எடுப்பது உத்தமம். பேஸ்பால் புகழ்மண்டபத்தில் ஒலிபரப்பாளர்களுக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருது 1978 முதல் உண்டு. மெக்னமீக்கு அது கிடைத்தது 2016இல், இறந்து 74 வருடம் கழித்து. ஆட்டம் தெரியாதவர் என்ற பழைய முணுமுணுப்பு அத்தனை காலம் தடுத்திருக்க வேண்டும் என்பது நம் ஊகம். விருதாளர் பெயர்கள் எழுத்தாளர்களோடு சேர்ந்து ஒரு தனிக் காட்சியில் இருக்கின்றன. மாடத்தில் உள்ள வெண்கலப் பலகைகளில் தேடி ஏமாற வேண்டாம், அவை ஆட்டக்காரர்களுக்கும் நிர்வாகிகளுக்கும். இவருக்காக மட்டும் என்றால் அரை மணி நேரம் போதும்.

நாள் 5: காலேஜ் பார்க், மேரிலாண்ட்

வாஷிங்டன் மெட்ரோவில் கிரீன் லைன், காலேஜ் பார்க் நிறுத்தம், அங்கிருந்து பஸ் அல்லது டாக்ஸி. அடெல்ஃபி சாலையில் காட்டுக்கு நடுவே தேசிய ஆவணக் காப்பகத்தின் இரண்டாவது கட்டடம். யுனிவர்சல் நியூஸ் ரீல் 1929 முதல் 1967 வரை வாரம் இரண்டு வெளியீடு என்று ஓடியது. கம்பெனி 1970களில் தன் தொகுப்பை அரசுக்கே கொடுத்துவிட்டது, பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை.

பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், புகைப்பட அடையாளம் காட்டினால் ஆய்வாளர் அட்டை இலவசமாகப் போட்டுத் தருவார்கள். முன்பே நேரம் குறித்துக்கொண்டு போங்கள். பேனா, கோட், பை எல்லாம் லாக்கரில். பென்சில் அவர்களே தருவார்கள். லேப்டாப்பும் கேமராவும் கொண்டுபோகலாம். மூலப் படச்சுருளைக் கையில் தர மாட்டார்கள், பார்வைப் பிரதிதான். நிறையச் சுருள்கள் காப்பகத்தின் இணையப் பட்டியலிலேயே இருக்கின்றன. அவற்றை வீட்டிலேயே பார்த்துவிட்டு, இங்கே காகிதங்களுக்கு நேரத்தைச் செலவிடுவது புத்திசாலித்தனம். ஒவ்வொரு வெளியீட்டிலும் என்னென்ன செய்தி என்ற பட்டியல் தாள், கேமராக்காரர் படத்தோடு அனுப்பிய குறிப்புத் தாள் என்று கட்டுக் கட்டாக இருக்கின்றன. யார், எங்கே, எந்த ஷாட் என்று கேமராக்காரர் எழுதிய குறிப்பு இல்லாவிட்டால் நியூயார்க்கில் உட்கார்ந்து வர்ணனை எழுதுகிறவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான்.

எல்லாம் இருக்கிறது என்று நினைத்துப் போகாதீர்கள். 1978 டிசம்பர் 7 அன்று, இதே மாநிலத்தில் சூட்லாண்ட் என்ற ஊரில் இருந்த படக்கிடங்கு எரிந்தது. போனது யுனிவர்சல் தொகுப்பில் 1 கோடியே 26 லட்சம் அடி. பேசும்படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். வகுத்துப் பாருங்கள்: 1,40,000 நிமிடம். ராத்திரி பகலாக ஓட்டினாலும் 97 நாள்.

அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட். தீப்பிடித்தால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே தரும். தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. கிடங்கில் இருக்கும்போதே தானாகவும் அழுகும். முதலில் படம் வெளிறி மஞ்சள் பூக்கும். அடுத்து மேற்பரப்பு பிசுபிசுத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு தேன் போலக் குமிழ் வரும், கடைசியில் கட்டியாகி, பழுப்புப் பொடியாக உதிரும். அழுகும்போது வரும் வாயு பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். டப்பாவை இறுக மூடி வைத்தால் வாயு வெளியேற வழியில்லாமல் இன்னும் சீக்கிரம் போகும். அழுகிய சுருள் கோடை வெயிலின் சூட்டிலேயே தீப்பிடிக்கக் கூடும். அதனால்தான் குளிர், வறட்சி, காற்றோட்டம் மூன்றையும் ஒன்றாகக் கேட்கிறார்கள். வினிகர் வாடை அடித்தால் அது நைட்ரேட் இல்லை, பின்னால் வந்த அசிடேட். அது வேறு வியாதி.

நாள் 6: மறுபடியும் காலேஜ் பார்க், ஸ்டாப்வாட்சோடு

இன்று ஒரே வேலை: மெக்னமீயின் நியூஸ் ரீல் வர்ணனையை அளந்து பார்ப்பது.

ரேடியோவில் அவருக்கு நேரம் தாராளம், நிரப்பினால் போதும். நியூஸ் ரீலில் தலைகீழ். 35 மி.மீ. படம், நொடிக்கு 24 பிரேம், ஒன்றரை அடி. ஒரு செய்திக்கு 60 அடி ஒதுக்கினால் கிடைப்பது 40 நொடி. வேகமான ஆங்கில வர்ணனை நொடிக்கு மூன்று சொல், ஆக 120 சொல். தலைப்பு அட்டை மறைந்ததும் ஒரு நொடி, முடிவில் இசை எழ ஒரு நொடி விட வேண்டும். நடுவில் படமே பேசும் இடம் ஒன்றிரண்டு இருக்கும், அங்கே வாயை மூட வேண்டும். கையில் மிஞ்சுவது நூறு சொல். எடிட்டர் கடைசி நேரத்தில் 6 அடி வெட்டினால், பேச்சிலிருந்து 12 சொல் போக வேண்டும்.

நம்மூர் ஒப்பீடு ஒன்று. 1948 முதல் ஃபிலிம்ஸ் டிவிஷன் கொட்டகைகளுக்கு அனுப்பிய இந்திய நியூஸ் ரீலில், படம் ஒன்று, குரல் மொழிக்கு ஒன்று. ஆங்கிலத்தில் மூன்று சொல் வருவது தமிழில் ஒட்டிக்கொண்டு ஒரே நீளச் சொல்லாகும். வினைமுற்று வேறு கடைசியில்தான் வரும். கப்பல் திரையில் மறைந்த பிறகு 'புறப்பட்டது' என்று சொன்னால் கொட்டகை சிரிக்கும். தமிழுக்கு எழுதுகிறவர் சொல் எண்ணிக்கையை விட்டுவிட்டு அசையை எண்ண வேண்டும், வினையை எங்கே வைப்பது என்று படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அன்று கொட்டகையில் கேட்ட அந்த வேகமான, கொஞ்சம் மூச்சிரைக்கும் தமிழுக்கு ஒரு காரணம் இது.

ஒலிப்பதிவு காந்த நாடாவில் இல்லை. குரல் ஒளியாக மாறி, ஃபிலிமின் ஓரத்தில் கறுப்பும் வெளுப்புமான கோடுகளாகப் பதியும். அழித்து எழுத முடியாது. பதிந்தது சரியா என்று தெரிய, அதைக் கழுவி உலர்த்த வேண்டும். ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அந்தச் செய்தி முழுவதையும் புதுச் சுருளில் மறுபடி படிப்பதைத் தவிர வழியில்லை. பிரதிகள் ரயிலைப் பிடிக்க வேண்டிய நேரமோ நெருங்கிக்கொண்டிருக்கும். மைதானத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்த மனிதர், இங்கே தாளைப் பார்த்து அடி பிசகாமல் படித்தார். ஹெட்ஃபோனில் கூர்ந்து கேட்டால் இன்னொன்றும் பிடிபடும்: 'ஸ' ஓசை வரும் இடத்தில் எச்சில் தெறிப்பது போல ஒரு கீறல். உச்சத் தொனியில் ஒளிக்கோடுகள் ஒன்றோடொன்று கலங்குவதால் வருவது. அதனால் நல்ல படிப்பாளிகள் 'ஸ'வை அழுத்த மாட்டார்கள்.

இன்னொரு கண்ணி. ஒரு படத்துக்கு உரிய ஒலி அதற்கு நேராக இல்லாமல், 20 பிரேம் முன்னால் தள்ளிப் பதிந்திருக்கும். புரொஜக்டரில் படம் நின்று நின்று நகரும். ஒலிக்கோ சீரான ஓட்டம் வேண்டும். அதனால் ஒலி படிக்கும் இடத்தை, படத்தில் ஒளி விழும் சன்னலிலிருந்து தள்ளி வைத்தார்கள். விளைவு: ஊர் ஊராகச் சுற்றிய சுருள் அறுந்து, ஆபரேட்டர் கிழிந்த துண்டை வெட்டி ஒட்டினால், படம் ஓரிடத்தில் குதிக்கும், குரல் முக்கால் நொடிக்கு மேல் தள்ளி வேறிடத்தில் குதிக்கும். பழைய பிரதியைப் பார்க்கும்போது மெக்னமீ ஒரு சொல்லை விழுங்கியது போல இருந்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள். படத்தை ஒரு நொடி முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள், வெட்டு பக்கத்திலேயே இருக்கும்.

அடிக்கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதே கம்பெனியின் ஒரு படத்தை மறக்காமல் கேட்டுப் பாருங்கள். 1937 டிசம்பர் 12, யாங்சி ஆற்றில் யு.எஸ்.எஸ். பனாய் என்ற அமெரிக்கப் படகை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. யுனிவர்சல் கேமராக்காரர் நார்மன் ஆலி படகில் இருந்தார், படம் எடுத்துவிட்டார். கொடி தெரியவில்லை, தவறுதலாக நடந்தது என்றது ஜப்பான். விமானங்கள் படகின் மேல்தளத்தின் உயரத்துக்கே தாழ்ந்து வந்த பகுதி மட்டும் 30 அடி. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டதால் அதை வெட்டிவிட்டுத் திரையிட்டார்கள். 30 அடி என்றால் 20 நொடி, வர்ணனையில் 60 சொல்.

மெக்னமீ 1942 மே 9 அன்று 53 வயதில் இறந்தார். யுனிவர்சலின் குரலாகப் பின்னால் நிலைத்தவர் எட் ஹெர்லிஹி. பட்டியலில் தேடும்போது இதைக் கவனியுங்கள்: இணையத்தில் 'மெக்னமீ' என்று குறித்திருக்கும் சில பிரதிகளில் கேட்பது வேறு குரல். தேதி 1942 மேக்குப் பிந்தியது என்றால் சந்தேகமே வேண்டாம். அதற்கு முந்தியது என்றால், தொடக்கத் தலைப்பு அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு குறிப்பெடுங்கள். அட்டை வெட்டுப்பட்ட பிரதி என்றால் அதே வெளியீட்டின் பட்டியல் தாளைக் கேட்டு வாங்குங்கள், படச்சுருள் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.